ஒரே வியாதி, ஒரே மருந்து: ஊருக்கு ஊர் ஏன் இத்தனை வேற்றுமை?

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம் குடும்பங்களில் கூச்சம் உண்டு. கூச்சம் நல்ல குணந்தான். ஆனால் 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 ஸ்திரீகளுக்கு இந்த வியாதி புதிதாகக் கண்டது என்றும், ஏறத்தாழ 80,000 பேர் அதனால் மரித்தார்கள் என்றும் கேள்விப்படும்போது, அந்தக் கூச்சத்தைக் கொஞ்ச நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு இந்தப் பாடத்தைப் படிப்பதே தகும். மரித்தவர்களில் அநேகர் பிள்ளைகளை இன்னும் கரையேற்றி முடிக்காத தாய்மார். இவ்வளவுக்கும் இது முன்னதாகவே தடுக்கக்கூடிய வியாதி. தடுக்கும் வழி சில ஊர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைக்கிறது. சில ஊர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட எட்டுவதில்லை. அது ஏன் என்பதே இன்று நாம் ஆராயப்போவது.

முதலாவது, வியாதியின் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு முதல் குறிப்புக் கிடைத்தது கன்னியர் மடங்களிலிருந்து என்றால் வாசகர்களுக்கு வியப்பாயிருக்கும். இத்தாலி தேசத்து வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்னும் வைத்தியர், 1760 முதல் 1839 வரை அந்நகரில் இறந்தவர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். கருப்பைப் புற்று விவாகமான ஸ்திரீகளிடத்தில் மிகுதியாயும், கன்னியாஸ்திரீகளிடத்தில் மிக அரிதாயும் இருப்பதைக் கண்டு 1842-ல் எழுதி வைத்தார். தாம்பத்திய வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று இதற்குக் காரணம் என்பது இதனால் ஊகிக்கப்பட்டது. அது இன்னதென்று தெரிய இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன. ஜெர்மனி தேசத்து விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுசன் என்பவர் 1983-லும் 1984-லும் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியின் 16-ம் வகையையும் 18-ம் வகையையும் இந்தப் புற்றிலிருந்து பிரித்துக் காட்டினார். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 70 பேருக்கு நோய் வருவது இவ்விரு வகைகளால்தான். அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி தாம்பத்தியத் தொடர்பினால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். பெரும்பாலோருக்கு இரண்டொரு வருஷத்தில் தானாகவே அழிந்துபோகும். சிலருக்கு மாத்திரம் உள்ளே தங்கி, பத்து இருபது ஆண்டுகளில் புற்றாக மாறும். இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வியாதி கண்டவளை ஒழுக்கம் தவறியவள் என்று நினைப்பது மகா அநியாயம். தன் புருஷனையன்றி வேறொருவரை அறியாத உத்தம ஸ்திரீக்கும் இது வரலாம். புருஷனுடைய பழைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது அவள் கையில் இருந்ததில்லை அல்லவா?

கிருமி நுழைவதற்கும் புற்று முளைப்பதற்கும் நடுவேயுள்ள அந்த நீண்ட இடைவெளிதான் நமக்கு வாய்த்த அநுகூலம். அதனால் காவல் இரண்டு வகை. கிருமி அண்டும் முன்னே, அதாவது 9 முதல் 14 வயதுக்குள், சிறுமியருக்குத் தடுப்பூசி போடுவது ஒன்று. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஸ்திரீகளைச் சோதித்து, புற்றாக மாறப்போகும் புண்ணை முன்கூட்டியே கண்டு அகற்றுவது மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஓர் இலக்கு வகுத்தது: 2030-ம் ஆண்டுக்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் நூற்றுக்கு 90 பேருக்கு ஊசி, ஸ்திரீகளில் நூற்றுக்கு 70 பேருக்கு 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் மறுதடவையும் சோதனை, நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சை.

ஊசி பலிக்குமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற வாய்ப்பிருந்த பெண்களிடத்தில் இந்தப் புற்று நூற்றுக்கு 87 பங்கு குறைந்தது என்று 2021-ல் கணக்கிட்டார்கள். ஸ்காட்லாந்தில் அதே வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட முற்றிய புற்று காணப்படவில்லை என்று 2024-ல் வெளியிட்டார்கள்.

மருந்து நல்ல மருந்து. அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி போட்டிருக்க வேண்டுமே! கணக்கோ வேறு விதமாயிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் என்னென்ன ஊசி போட்டிருக்கிறார்கள் என்று வருஷந்தோறும் மாநிலவாரியாகக் கணக்கெடுப்பது வழக்கம். அங்கே பாப்பிலோமா ஊசி ஆண் பெண் இருபாலாருக்கும் உண்டு. 2022-ல் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 62 பேர் இதைப் பூர்த்தியாகப் போட்டிருந்தார்கள். ஆனால் வடகிழக்கிலுள்ள ரோட் ஐலண்டு என்னும் சின்னஞ்சிறு மாநிலத்தில் நூற்றுக்கு 80-க்கு மேல். தெற்கே மிசிசிப்பியில் 40-க்கும் கீழ். பட்டணத்துப் பிள்ளைகளைவிடக் கிராமத்துப் பிள்ளைகள் பொதுவாகப் பின்தங்கியிருந்தார்கள். இந்தப் புற்றினால் மரிக்கும் ஸ்திரீகளின் தொகை விகிதமோ, அந்நாட்டிலேயே மிக உயர்ந்த மாநிலங்களுள் மிசிசிப்பியும் ஒன்று. ஊசி எங்கே அதிகமாகத் தேவையோ அங்கேதான் அது குறைவு.

இதற்கு ஜனங்கள் சட்டென்று சொல்லும் காரணம், "அந்த ஊர்க்காரர்கள் படிப்பில்லாதவர்கள், ஊசி என்றால் பயப்படுகிறவர்கள்" என்பது. இது எவ்வளவு தவறு என்பதற்கு மிசிசிப்பியே சாட்சி. அதே மாநிலத்தில் ஐந்து வயதுக் குழந்தைகள் பள்ளியில் சேரும்போது போட்டிருக்கவேண்டிய தட்டம்மை முதலான ஊசிகளை எடுத்துக்கொண்டால், பல ஆண்டுகளாக நூற்றுக்கு 98, 99 குழந்தைகள் போட்டிருந்தார்கள். தேசத்திலேயே முதல் வரிசை! காரணம், பள்ளியில் சேர அது கட்டாயம். மதத்தின் பேரில் விலக்குக் கேட்கவும் அங்கே இடமில்லாதிருந்தது. 2023-ல் மத்திய நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்ட பிறகே அந்த விலக்கு வந்தது. ஜனங்களும் அதே ஜனங்கள், வைத்தியர்களும் அதே வைத்தியர்கள். ஓர் ஊசி 99, மற்றோர் ஊசி 40-க்கும் கீழ். ஆகையால் குறை ஜனங்களின் அறிவில் இல்லை. ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

ரோட் ஐலண்டின் ஏற்பாடு என்ன? குழந்தைகளுக்கான ஊசி மருந்து முழுவதையும் மாநிலமே மொத்தமாக வாங்கி வைத்தியர்களுக்குக் கொடுக்கிறது. பள்ளிக்கூடங்களிலேயே ஊசி போடும் முகாம்கள் நெடுநாளாக நடந்துவந்தன. 2015-ல், ஏழாம் வகுப்பில் நுழைய இந்த ஊசியும் வேண்டும் என்று விதித்தார்கள். பெற்றோர் சிலர் எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். மனச்சாட்சி இடங்கொடாதவர்களுக்கு விலக்கும் உண்டு. சட்டம் ஒன்றே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வர்ஜீனியா மாநிலம் 2008 முதலே சட்டம் வைத்திருந்தும், அங்கே பல ஆண்டுகள் கணக்கு உயரவில்லை. ரோட் ஐலண்டோ சட்டத்துக்கு முன்பே முன்வரிசையில் நின்றது.

சட்டத்தை விட்டு, ஊசி போடும் இடத்தைக் கவனிப்போம். இதற்குக் கனடா தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் நல்ல படிப்பினை. நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் சம்பந்தப்பட்டதாகையால் இதைச் சற்று விரித்தே சொல்கிறோம்.

2008-ல் அல்பெர்ட்டா மாகாண அரசாங்கம், ஐந்தாம் வகுப்புச் சிறுமியருக்கு இந்த ஊசியைப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் போட ஏற்பாடு செய்தது. அம்மாகாணத்து மேற்றிராணிமார், பள்ளிக்கூடத்தில் வைத்து இதைப் போடுவது, விவாகத்துக்கு முன் கற்புநெறி தவறினாலும் பாதகமில்லை என்று பிள்ளைகள் எண்ணுவதற்கு இடங்கொடுக்கும் எனக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். கால்கரி நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளின் நிர்வாகக் குழு, தன் பள்ளிகளில் ஊசி போட அனுமதிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஊசியை யாரும் தடைசெய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விருப்பமுள்ள பெற்றோர் தங்கள் பெண்ணை நகர சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் அதே ஊசியை அதேபோல் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மாறியது இடம் மாத்திரமே.

பலன் என்ன ஆயிற்று? பள்ளியிலேயே ஊசி போட்ட இடங்களில் நூற்றுக்கு 75 சிறுமியர் போட்டுக்கொண்டார்கள். வெளியே போய்ப் போட்டுக்கொள்ளவேண்டியிருந்த பள்ளிகளில் 36 பேர்தான். ஒரே நகரம், ஒரே சீதோஷ்ணம், அடுத்தடுத்த தெரு. நிலையத்துக்குப் போகாத தாய்மார் எல்லாரும் மேற்றிராணியாரின் கடிதத்தை வாசித்து யோசித்து வேண்டாமென்று முடிவு செய்தவர்களா? அப்படிச் சிலர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய முடிவை நாம் மதிக்க வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் தாய், ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் காத்து, அதையும் மூன்று தடவை செய்ய வேண்டும் என்றால், பெண்ணுக்கு வயது பத்துத்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது மனித சுபாவம். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதில்லை. 2012 நவம்பரில் நிர்வாகக் குழு தன் தீர்மானத்தை மாற்றி, பள்ளியில் ஊசி போட அனுமதித்தது.

மேற்றிராணிமாரின் கவலை அற்பமான கவலை அல்ல. பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காப்பது அவர்கள் கடமை. அந்தக் கவலைக்கு ஆராய்ச்சியும் பதில் தேடியிருக்கிறது. ஊசி போட்ட சிறுமியர் போடாதவர்களைவிட நெறி தவறினார்களா என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளின் வைத்தியக் குறிப்புகளைக்கொண்டும் ஆராய்ந்தார்கள். இரண்டிலும் அப்படி வேற்றுமை காணப்படவில்லை. கற்பைப் போதிப்பது வீடும் கோவிலும். ஊசி அதற்கு மாற்றுமல்ல, எதிரியுமல்ல. இன்னொரு சந்தேகமும் நம்மவர்களிடையே எழுவதுண்டு. சில தடுப்பூசிகளைத் தயாரிப்பதில் கருச்சிதைவோடு சம்பந்தப்பட்ட அணுக்கள் பயன்பட்டன என்று கேள்விப்பட்டு, இதுவும் அப்படியோ என்று தயங்குகிறார்கள். இது அப்படியல்ல. கார்டசில் என்னும் ஊசியும், நம் தேசத்தில் தயாராகும் செர்வவாக் என்னும் ஊசியும் ஈஸ்ட் என்னும் நொதியில் உண்டாக்கப்படுபவை.

இனி வறுமையைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்னும் ஏழைத் தேசம், 2011-ல் பள்ளிகளின் மூலமாகவே தன் ஆறாம் வகுப்புச் சிறுமியரில் நூற்றுக்கு 93 பேருக்கு மூன்று தவணையும் போட்டு முடித்தது. செல்வம் மிகுந்த அமெரிக்கா இன்னும் அந்த அளவை எட்டவில்லை. நம் இந்தியாவிலேயே சிக்கிம் மாநிலத்தைப் பாருங்கள். ஆறு லட்சம் ஜனங்கள், மலைப்பாதைகள், சிதறிக் கிடக்கும் கிராமங்கள். 2018-ல் அங்கே சிறுமியருக்கு இந்த ஊசி போட்டபோது நூற்றுக்கு 95 பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். சுகாதார இலாகாவும் கல்வி இலாகாவும் ஒன்றாய் உட்கார்ந்து திட்டம் போட்டன. ஆசிரியர்களுக்கு முதலில் விளக்கினார்கள்; ஆசிரியர்கள் பெற்றோருக்கு விளக்கினார்கள்; அதற்குப் பிறகே ஊசி வந்தது.

முதலில் விளக்கினார்கள் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இதே இந்தியாவில், வீட்டு வாசலுக்கே ஊசி வந்தும் கெட்டுப்போன கதை ஒன்று உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தில் வடோதராவிலும் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகச் சிறுமியருக்கு இந்த ஊசி போட்டார்கள். கம்மத்தில் பலர் ஆதிவாசிக் குடும்பத்துப் பெண்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு சிறுமியர் பின்னர் இறந்தார்கள் என்று செய்தி பரவி, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது, ஒருத்தி நீரில் மூழ்கியது, ஒருத்தி பாம்பு கடித்து இறந்தது என்றிவ்வாறு, அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று கண்டார்கள். ஆனால் வேறொரு குறை வெளிப்பட்டது. தகப்பனோ தாயோ கையெழுத்திட வேண்டிய சம்மதப் பத்திரங்களில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்ற தாய்க்கு விஷயமே தெரியாது. பாராளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

மருந்தில் குற்றமில்லை, கேட்காமல் போட்டதுதான் குற்றம். அந்த ஒரு குற்றத்துக்கு தேசம் முழுவதும் விலை கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், அந்தப் பெயரைச் சொன்னாலே பெற்றோர் அஞ்சினார்கள். 2016-ல் பஞ்சாபில் பட்டிண்டா, மான்சா என்னும் இரண்டு ஜில்லாக்களிலும் அடுத்துச் சிக்கிமிலும் பொறுமையாக விளக்கிச் செய்தபோதுதான் அச்சம் தணியலாயிற்று. 2022-ல் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு இதைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2025 மார்ச்சில் தன் வரவுசெலவுத் திட்டத்தில் சிறுமியரின் ஊசிக்காக 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊசி பள்ளிக்கு வர வேண்டும். அதற்கு முன்னே விளக்கம் வீட்டுக்கு வர வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஊரில் கணக்கு ஏறுகிறது. ஒன்று தவறினாலும் இறங்குகிறது.

இதுவரை சிறுமியரைப் பற்றிச் சொன்னோம். அவர்களுடைய தாய்மாருக்கு ஊசி காலங்கடந்தது. அவர்களுக்குச் சோதனையே காவல். ஆனால் இங்கே கஷ்டம் அதிகம். சிறுமிகளைப் பள்ளியில் ஒரே இடத்தில் பிடிக்கலாம். தாய்மாரை எங்கே பிடிப்பது? அவர்கள் வயலிலும் அடுப்படியிலும் இருக்கிறார்கள். வலியில்லாத வியாதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 1.9 பேர். மேற்கு வங்காளத்தில் 0.2, அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். தமிழ்நாட்டில் 9.8, மாநிலங்களுள் முதலிடம். நாம் மார்தட்டிக்கொள்வதற்கில்லை: முதலிடத்திலேயே பத்துத் தாய்மாரில் ஒன்பது பேர் சோதனையை அறியாதவர்கள்.

அந்த முதலிடமாவது எப்படி வந்தது? அதற்கு ஒரு காரணம் திண்டுக்கல் ஜில்லாவில் தொடங்குகிறது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிலிக்கை என்னும் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவ சமூகநல ஆஸ்பத்திரி இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அந்த ஆஸ்பத்திரியும், சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கின. டாக்டர் பாப்பனிக்கொலோ கண்டுபிடித்த பழைய சோதனைக்கு நுண்ணோக்கியும், அதைப் பார்க்கத் தெரிந்த நிபுணரும் வேண்டும். கிராமத்தில் அதற்கு எங்கே போவது? ஆகவே மிக எளிய முறையைக் கைக்கொண்டார்கள். வினிகரில் இருக்கிறதே அசிட்டிக் அமிலம், அதை நீரில் கலந்து கருப்பையின் வாயில் தடவினால், கெட்ட புண் உள்ள இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரியும். இதை நர்சுகளே கற்றுக்கொண்டு, கிராமங்களுக்குப் போய், 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளை அழைத்துச் சோதித்தார்கள். 31,000-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள்; அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர். 2007-ல் பலனை வெளியிட்டபோது, சோதனை நடந்த கிராமங்களில் மற்றக் கிராமங்களைவிட இந்தப் புற்று நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் மரணம் 35 பங்கும் குறைந்திருந்தது. உலகமெங்கும் வைத்தியர்கள் இதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள்.

அதே 2007-ல் தமிழ்நாடு அரசாங்கம் தேனி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் இவ்வித முறையைப் பரீட்சித்துப் பார்த்து, பிறகு மாநிலமெங்கும் விரித்தது. மற்ற மாநிலங்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தின் வேர் இதுதான்.

ஆனால் விரித்தபோது ஒரு பழுது தெரியவந்தது. சோதனையில் சந்தேகம் என்று கண்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், அநேகர் போகவில்லை. வீட்டில் சொல்லப் பயம், பஸ் செலவு, புற்று என்ற பெயரைக் கேட்ட கலக்கம். அம்பிலிக்கை நர்சுகள் இதை வேறு விதமாகச் செய்திருந்தார்கள். புண் தெரிந்தால், ஸ்திரீயின் சம்மதத்தைக் கேட்டு, குளிரினால் புண்ணை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை அதே வருகையிலேயே செய்தார்கள். மறுபடி வா என்று சொல்லி அனுப்பவில்லை. மரணம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகையால் சோதனைக்குப் போகும் தாய்மார் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஸ்திரீகளுக்கு இந்தச் சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. பெண் ஊழியர் இருக்கும் நாளை முன்னதாகக் கேட்டுக்கொண்டு போகலாம். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. சந்தேகம் என்று முடிவு வந்தால் அது புற்று என்று அர்த்தமல்ல. புற்றாகாமல் தடுக்க இன்னும் நாள் இருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். அப்போது அடுத்த சிகிச்சை எங்கே, எந்த நாளில், யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். தனியே போகத் தயங்குகிறவர்கள், பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சோதனை செய்துகொண்டவர் யாரேனும் இருந்தால் அவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.